ஆஸ்பத்திரிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்கள்

கருத்தம்மாள் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்ததே ஆடு மேய்க்கிற பிழைப்பிலிருந்து தப்பிக்கத்தான். நரிக்குடிக்குத் தெற்கே உடைமரக் காட்டுக்குள் சிறுபிள்ளையிலிருந்து ஆட்டுக்குப் பின்னால் ஓடி ஓடிக் கால் தேய்ந்தவள் அவள். கல்யாணமாகிப் போன இடத்திலாவது விடிவு வரும் என்று பார்த்தால், புருஷன் சங்கையா வீட்டில் பிறந்த வீட்டைவிட ஆடு அதிகம். ஆட்டு மூஞ்சியில் முழிக்காமல் ஒரு நாளாவது விடியாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, யுத்தம் முடிந்த மறுவருஷம் சென்னய்யா செட்டியார் தர்ம ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டின் மேலேயே இருந்தது அந்த ஆஸ்பத்திரி. வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். கொல்லைப்புறத்தில் தங்குவதற்கு ஒரு அறையும் கொடுத்தார்கள். கருத்தம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

வருஷம் ஒன்று முடிவதற்குள், அதே வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, அதே ஆஸ்பத்திரியின் கொல்லையில் அவள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இது தலையெழுத்து இல்லை, மேனேஜர் உத்தரவு.

ஆடு எப்படி ஆஸ்பத்திரிக்குள் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாலவனத்தம் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி கோட்டைச்சாமி, வலி கண்டு பிள்ளை இறங்காமல் தவித்த பெண்டாட்டியை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். டாக்டர் பாலாமணியம்மா அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார். கோட்டைச்சாமி வெளியே நின்றான். தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வீட்டிலேயே கும்பிட்டுத் தீர்த்திருந்தான். இங்கே கும்பிட ஒரு பிள்ளையாராவது இருக்கிறாரா என்று சுற்றிச் சுற்றி வந்தான். சுவரும் ஜன்னலும்தான் இருந்தன. கடைசியில் வாசற்படியில் விழுந்து, "ஆத்தா ஆஸ்பத்திரி, ரெண்டு உசுரையும் எங்கிட்டத் திருப்பிக் குடுத்துரு, உனக்கு ஒரு கிடா நேந்து விடுறேன்" என்று ஆஸ்பத்திரியையே கும்பிட்டுவிட்டான். ரெண்டு உசுரும் பிழைத்தன. சொன்ன சொல் தவறாமல், கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிய கருப்புக் கிடாய் ஒன்றை ஓட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனான்.

இந்தச் செய்தி காட்டுத் தீயாய்ப் பரவியது. பிறகு பிரசவத்துக்கு வந்தவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்கே நேர்ந்தார்கள். "நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆடு வேண்டாம்" என்று டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். "நன்றி உங்களுக்குத் தாயி, கிடா ஆஸ்பத்திரிக்கு" என்று அவர்கள் கயிற்றை வாசல் தூணில் கட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

நேர்ந்துவிட்ட கிடாய் லேசுப்பட்ட சரக்கு இல்லை. அதை விற்கக் கூடாது. வெட்டித் தின்னக் கூடாது. அடிக்கக் கூடாது. சாமிக்குக் கொடைத் திருவிழா வரும்வரை அது இஷ்டம்போலத் திரியும். கோயில் சாமி என்றால் வருஷத்துக்கு ஒரு கொடை வரும், கிடாயும் முடியும். ஆஸ்பத்திரிக்குக் கொடை ஏது?

மேனேஜர் நாகசுப்பிரமணியன் அருப்புக்கோட்டையில் தறி போட்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஆடு என்றால் அவருக்கு நாலு கால், ஒரு வால் என்கிற அளவுக்குத்தான் தெரியும். இரண்டு கிடாயைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்கப் பார்த்தார். மஞ்சள் கயிற்றைக் கண்டதும் வியாபாரிகள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"எந்த சாமிக்கு நேந்ததுங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு."

"அப்ப ஆளை விடுங்க. மத்த சாமி கோவிச்சாச் சீக்கு வரும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆஸ்பத்திரியே கோவிச்சா எங்க போறது?"

மேனேஜர் ஆடுகளோடு திரும்பி வந்தார். "இது இனிமே ட்ரஸ்ட் சொத்து. ஒண்ணு குறையக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கம்பவுண்டர் இன்பராஜ் மருந்துக் குப்பிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். இன்னொரு ஆயா ஜக்கம்மாள், தனக்கு ஆட்டு வாடையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். கருத்தம்மாள் மட்டும் விவரம் தெரியாமல், "ரெண்டு நாளா எரை எடுக்கல போல, வயிறு ஒட்டிக்கிடக்கு" என்று ஒரு கிடாயின் விலாவைத் தடவிவிட்டாள். அந்தத் தடவலோடு அவள் மாட்டிக்கொண்டாள்.

ஏற்கெனவே இருந்த வேலையில் ஒன்றும் குறைக்கவில்லை. விடியுமுன் ஊருணிக்குப் போய் நல்ல தண்ணீர் எடுத்துவர வேண்டும். ஆஸ்பத்திரிக் கிணறு உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டால் சோப்பு நுரைக்காது, டாக்டரம்மாவுக்குக் கோபம்தான் நுரைக்கும். அப்புறம் வார்டு கூட்டிப் பினாயில் ஊற்ற வேண்டும். மலச்சட்டி எடுக்க வேண்டும். துணி கிடைக்காத காலம் என்பதால் கட்டுப் போட்ட துணியையெல்லாம் ரத்தம் போக அலசி, அவித்து, உலர்த்தி, சுருட்டி வைக்க வேண்டும். பாலவனத்தத்துக்காரன் காலில் கட்டிய துணியை ரெட்டியபட்டிக்காரன் தலையில் கட்டுவார்கள். ஆஸ்பத்திரியை நடத்துகிற ட்ரஸ்டுக்கு அந்த இரண்டு ஊரிலும் கிளை டிஸ்பென்சரி உண்டு. அங்கே சேரும் அழுக்குத் துணியும் வண்டியேறி இவர்களிடம்தான் வந்து சேரும்.

இதில் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. வார்டுக்குள் ஆயா உட்காரக் கூடாது. நோயாளி படுக்கலாம், கூட வந்தவர்கள் உட்காரலாம், ஆயா நிற்க வேண்டும். ஜக்கம்மாளுக்கு வயசாகிவிட்டது, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிப்போகும். அதைச் சொன்னால், "நின்னாத்தானம்மா வேலை நடக்கும்" என்பார் மேனேஜர். இதை அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

இத்தனைக்கும் நடுவில் ஆடு. அடிக்கக் கூடாத ஆட்டைக் கம்பு இல்லாமல் மேய்ப்பது எப்படி என்று மேய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "சாமி, இந்தப் பக்கம் வாங்க சாமி" என்று கெஞ்சித்தான் திருப்ப வேண்டும். உலர்த்திய கட்டுத்துணியைக் கிடாய்கள் கொடியோடு இழுத்துத் தின்றன. மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள், கிடாய் பக்கத்தில் வந்தால் வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "என்னையக் கண்டா ஒருத்தனும் ஒதுங்கமாட்டேங்கிறான், ஆட்டுக்கு எம்புட்டு மரியாதை பாத்தியா" என்று ஜக்கம்மாள் அங்கலாய்த்தாள்.

கருத்தம்மாள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்தாள். அதற்குக் காரணம் பிரசவ அறை.

ஒருநாள் நர்ஸ் லீவில் போயிருந்தாள். டாக்டரம்மா அவசரத்தில் கையில் அகப்பட்ட கருத்தம்மாளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். "பயந்துராதே, சொல்றதைச் செய்" என்றார். கருத்தம்மாள் பயப்படவில்லை. வலியில் துடித்தவளின் இடுப்பை எங்கே பிடித்தால் சுகப்படும் என்று அவள் கைக்குத் தானாகவே தெரிந்தது. குழந்தை வெளியே வந்து முதல் அழுகை அழுதபோது அவள் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று முதல் பிரசவம் என்றால் டாக்டரம்மா அவளைத்தான் கூப்பிட்டார். கையை எப்படிக் கழுவ வேண்டும், தொப்புள்கொடியை எங்கே கட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இந்த உலகத்தில் இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது என்று கருத்தம்மாள் நினைத்தாள். மேனேஜரைத் தவிர மற்ற எல்லோரிடமும் அதைச் சொல்லவும் செய்தாள்.

மனசுக்குள் ஒரே ஒரு முள் இருந்தது. ஊரில் அப்பனோடு விட்டுவந்த மகள் இருளாயி. ஆயாமார் காம்பவுண்டுக்குள்ளேயே தங்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஊருக்குப் போக மாசத்துக்கு ஒரு லீவு. அதுவும் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ் வழியில் நின்றுவிட்டால் பாதி லீவு ரோட்டிலேயே போய்விடும். போன தடவை அவள் போனபோது இருளாயி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கிளம்புகிற நேரத்துக்குத்தான் மெல்லப் பக்கத்தில் வந்து சேலையைத் தொட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கருத்தம்மாள் பிள்ளை தொட்ட அந்த முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஐப்பசியில்தான் டாக்டரம்மா ஒரு சேதி சொன்னார். தை பிறந்ததும் நரிக்குடியில் ட்ரஸ்டின் மூன்றாவது டிஸ்பென்சரி திறக்கப் போகிறார்கள். அதில் பிரசவத்துக்கென்று தனி அறை. அதற்கு ஒரு நர்சும், பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆயாவும் வேண்டும்.

"உன்னைத்தான் அனுப்பணும்னு இருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

நரிக்குடி கருத்தம்மாள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நினைத்தால் மகளைப் பார்க்கலாம். பிடித்த வேலையும் பெற்ற பிள்ளையும் ஒரே ஊரில். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "முடியாது. இவ போயிட்டா ஆட்டை யாரு பாக்கறது?"

"ஆஸ்பத்திரி நடத்துறோமா, ஆட்டுப்பட்டி நடத்துறோமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அம்மா, ஒண்ணு காணாமப் போனாலும் நேந்தவன் எங்கிட்டத்தான் வந்து நிப்பான். ட்ரஸ்ட்டுக்கும் நாந்தான் பதில் சொல்லணும். ஆடு தீரட்டும். தீர்ந்த அன்னைக்கே இவளை நரிக்குடிக்கு அனுப்புறேன், இது என் வாக்கு. தைக்குள்ள தீரலைன்னா மதுரையிலேருந்து வேற ஆள் வரவழைச்சிருவோம்."

ஆடு எங்கே தீரும்? நாளுக்கு நாள் கூடியது. அதைக் கூட்டியவளே கருத்தம்மாள்தான். அவள் இடுப்பைப் பிடித்த பெண்களெல்லாம் சுகமாகப் பெற்றார்கள், அவர்கள் புருஷன்மாரெல்லாம் கிடாயைக் கொண்டுவந்து கட்டினார்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் பூரித்துப்போவாள், மறுநிமிஷமே இன்னொரு கயிறு வரப்போகிறதே என்று பகீரென்றிருக்கும்.

"இதுக்கு ஏண்டி இப்படி மறுகிற? ஆத்தங்கரைப் பக்கம் பத்திட்டுப் போயி விட்டுட்டு வந்துரு" என்றாள் ஜக்கம்மாள்.

"பாவமில்லையா மதினி?"

"தொலைஞ்சது சாமிக்குத் தெரியும், நமக்கென்ன தெரியும்."

கருத்தம்மாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குண்டாற்று மணல்வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் விட்டாள். குறுக்கு வழியில் வேகமாகத் திரும்பி வந்தபோது எல்லாக் கிடாயும் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்து, ஊருணியிலிருந்து சுமந்துவந்த நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றன. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஊர்ப் பூசாரி சோலைச்சாமியிடம் போய் யோசனை கேட்டாள். "சாமிக்கு விட்டதை நாமளா எடுக்கப்படாது தாயி. சாமியா எடுத்துக் குடுத்தா வாங்கிக்கலாம்" என்றார் அவர். சாமியாவது எடுத்துக் கொடுப்பதாவது என்று அவள் திரும்பி வந்துவிட்டாள்.

கார்த்திகை பிறந்த சமயத்தில் ரெட்டியபட்டியிலிருந்து தங்கம்மாள் என்ற பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தங்கம்மாளுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அதனால்தான் புருஷன் வீட்டார் அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆண்பிள்ளை பிறந்தது. கூட இருக்க ஆள் இல்லாததால், மேய்ச்சலுக்கும் வார்டுக்கும் நடுவில் ஓடி ஓடிக் கருத்தம்மாள்தான் அவளுக்குப் பூண்டும் கருவாடும் போட்டுப் பத்தியம் சமைத்துக் கொடுத்தாள். பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டியதும் அவள்தான். தங்கம்மாள் அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போகிற நாளில் வண்டி வந்தது. புருஷன் பேசாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமியார்தான் பேசினாள். மூக்குத்தி மின்ன வாசலில் நின்றுகொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி பேசினாள்.

"தலைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெறுங்கையோட வண்டியேறுற மருமக எங்க வீதியிலேயே இவதான். பெத்து அனுப்புற வீடு ஒரு ஆட்டுக்குட்டியாவது பிடிச்சு விடும். தாய்வீடுன்னு ஒண்ணு இருந்தால்ல விடும்."

தங்கம்மாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் பிள்ளையின் நெற்றியில் சொட்டியது. அதைப் பார்த்ததும் கருத்தம்மாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"யாரு சொன்னா தாய்வீடு இல்லைன்னு?" என்று முன்னால் வந்தாள். "பிள்ளை இந்த வீட்டுலதான விழுந்துச்சு? பத்தியச் சோறு இந்த வீட்டுலதான தின்னா? பிள்ளைக்கு மொதத் தண்ணி ஊத்துனது இங்கதான? அப்ப இதுதான் அவ தாய்வீடு. செத்த நில்லுங்க."

விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள். முதலில் கைக்கு வந்தது கோட்டைச்சாமியின் கருப்புக் கிடாய், கூட்டத்திலேயே கொழுத்தது. அதை இழுத்துவந்து மாமியார் முன்னால் நிறுத்தினாள். மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் மாமியார் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

"இது நேந்து விட்ட கிடால்ல?"

"ஆமா. ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு, ஆஸ்பத்திரி தன் மகளுக்குச் சீராக் குடுக்குது. சாமியா எடுத்துக் குடுத்தா வாங்கமாட்டீகளா?"

மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தாள். கிடாயின் முதுகை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் கயிற்றை வாங்கிக்கொண்டாள். "சாமி குடுத்தா வேண்டாம்னு சொல்லப்படாது. பேரனுக்குக் காது குத்தயில குலசாமிக்கு விட்டுருவோம்" என்றாள். குரல் வெண்ணெயாக இறங்கியிருந்தது. மருமகள் வண்டியேறக் கையும் கொடுத்தாள். வண்டி போகிறவரை தங்கம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வண்டித்தடத்துப் புழுதி அடங்குவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். பாதித் தெலுங்கில் அவர் திட்டியது கருத்தம்மாளுக்குப் புரியவில்லை, தமிழில் திட்டியது நன்றாகப் புரிந்தது.

"ட்ரஸ்ட் சொத்தை எடுத்துத் தானம் பண்ணியிருக்கே. நேந்தவன் வந்து கேட்டா நான் மூஞ்சியை எங்க வச்சுக்கறது? அவனுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அவன் வாயால சரின்னு சொன்னா நீ இங்க இரு. இல்லைன்னா வெள்ளைச் சேலையை மடிச்சு வச்சிட்டு ஊரைப் பாக்கப் போ. நரிக்குடி வேலையும் கிடையாது, இந்த வேலையும் கிடையாது."

அவர் போன பிறகு கருத்தம்மாள் ஊறப் போட்டிருந்த கட்டுத்துணியை அலச உட்கார்ந்தாள். நரிக்குடியைப் பற்றித் தான் கட்டிய கோட்டையெல்லாம் ஒரு கிடாயோடு போய்விட்டதே என்று இருந்தது. ஆனால் தங்கம்மாள் திரும்பிப் பார்த்த முகத்தை நினைத்தபோது, செய்தது தப்பு என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கோட்டைச்சாமி வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த தோரணையைப் பார்த்தே இன்பராஜ் மருந்துக் குப்பிகளைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தார். மேனேஜர் அறையில் டாக்டரம்மாவும் இருந்தார். கருத்தம்மாளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"எங்கடா எங் கிடா?" என்று எடுத்த எடுப்பில் கேட்கத்தான் வந்திருந்தான். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாக, "எங் கிடாவைக் காணோமாமே" என்றான்.

"இவளைக் கேளு" என்றார் மேனேஜர். "ஏம்மா, ஆஸ்பத்திரிக் கிடாயைத் தூக்கிக் குடுக்க நீ யாரு? யாரைக் கேட்டுக் குடுத்தே?"

கருத்தம்மாள் முதலில் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் யாருன்னா கேக்குறீக? ஊருணித் தண்ணியச் சொமந்தது இந்தக் கை. ரத்தத் துணியை அலசுனது இந்தக் கை. பிள்ளையைப் பிடிச்சதும் இந்தக் கைதான். ஆஸ்பத்திரி ஒருத்திக்கு எடுத்துக் குடுக்கணும்னா அதுக்கு வேற கை எங்க இருக்குங்கய்யா?"

டாக்டரம்மா தம் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கோட்டைச்சாமி தாடையைச் சொறிந்தான்.

"யாருக்குக் குடுத்தே?"

"தாய்வீடு இல்லாத பிள்ளைக்கு. தலைச்சன் பெத்தவளுக்குச் சீராக் குடுத்தேன். அவ மாமியா பேரன் காதுகுத்துக்குக் குலசாமிக்கு விடுறேன்னு சொல்லிட்டுப் போனாக."

"அப்பச் சரியாத்தான இருக்கு" என்றான் கோட்டைச்சாமி. "நான் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தேன். அது வாங்கி ஒரு பிள்ளைக்குக் குடுத்துருக்கு. கோயில்ல தேங்காயைக் குடுத்துட்டு மூடி யாருக்குப் போச்சுன்னா கேப்பாக?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். கருத்தம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோட்டைச்சாமி கிளம்பவில்லை. வாசல்வரை போனவன் ஏதோ கணக்கு உதைத்தவன்போலத் திரும்பி வந்தான்.

"ஆமா, எம் பொண்டாட்டியும் இங்கதான பெத்தா? அவளுக்குச் சீர் எங்க?"

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கோட்டைச்சாமி வேறு யாரோ நேர்ந்துவிட்ட செவலைக் கிடாய் ஒன்றை ஓட்டிக்கொண்டு, வெற்றிப் பெருமிதத்தோடு ரோட்டில் நடந்து போனான்.

அவ்வளவுதான். அடுத்த சந்தை நாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். "ஆஸ்பத்திரி அவுகளுக்கு மட்டுந்தான் தாய்வீடா, எங்க மருமகளுக்கு இல்லையா?" என்று கேட்டார்கள். கிடாய் கொடுத்தவர்கள் எல்லோரும் கிடாய் வாங்க வந்தார்கள். தான் நேர்ந்ததையே திரும்ப வாங்கக் கூடாது என்பதால், ரெட்டியபட்டிக் கிடாய் பாலவனத்தத்துக்கும், பாலவனத்தத்துக் கிடாய் திருச்சுழிக்கும் போயின. கருத்தம்மாள் குளித்து, ஈரக் கையோடு கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். சீர் கொடுக்கிற ஆஸ்பத்திரி என்று பேர் பரவி, பிரசவ அறை நிரம்பி வழிந்தது. புதிதாக ஒரு கிடாய் வந்தால் அது அந்த வாரமே ஒரு பிள்ளையோடு போய்விட்டது. வருகிற கிடாயின் கயிற்றை வாங்கிக்கொள்ளக் காத்திருக்க ஆள் இருந்தது, மேய்க்கத்தான் ஆள் தேவைப்படவில்லை. மார்கழி முடிவதற்குள் கொல்லைப்புறம் காலியாகிவிட்டது.

கருத்தம்மாள் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

"அய்யா, ஆடு தீந்துபோச்சு."

மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கொடியில் கட்டுத்துணி முழுசாக உலர்ந்துகொண்டிருந்தது. "அது சரி. ஆனா இப்பப் பிரசவம் கூடிப்போச்சே, நீ போயிட்டா எப்படி" என்று இழுத்தார்.

"வாக்குக் கொடுத்தது நீங்க" என்றார் வாசலில் வந்து நின்ற டாக்டரம்மா.

மேனேஜர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, "சரி, போ" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா. நரிக்குடியில என்னைக் காம்பவுண்டுக்குள்ள அடைச்சுப் போடக் கூடாது. பொழுதடைஞ்சா எம் பிள்ளைகிட்டப் போயிருவேன். பிரசவம்னு ஆள் விட்டா அரக்கப்பரக்க ஓடி வந்துருவேன்."

"அதுக்கு நான் பொறுப்பு" என்றார் டாக்டரம்மா.

"பெறகு, ஜக்கம்மா மதினிக்கு வார்டுக்குள்ள உக்கார ஒரு பலகை போட்டுக் குடுக்கணும்."

"உன்னைக் கேட்டா ஆஸ்பத்திரிச் சட்டத்தை மாத்தணும்?" என்றார் மேனேஜர். ஆனால் மறுநாள் ஆசாரி வந்து வார்டு மூலையில் பலகை அடித்துக்கொண்டிருந்தான். அவன் கடைசி ஆணியை அறைகிறவரைக்கும் பொறுக்காமல் ஜக்கம்மாள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்று பூராவும் வார்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தான் உட்கார்ந்திருப்பதை அவளே எடுத்துச் சொன்னாள்.

தை இரண்டாம் தேதி கருத்தம்மாள் கிளம்பினாள். ஜக்கம்மாளும் இன்பராஜும் ரோட்டுவரை வந்தார்கள். பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கரி அடுப்பைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மேனேஜர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். ஏதாவது சாவியை மறந்து எடுத்து வந்துவிட்டோமோ என்று கருத்தம்மாள் மடியைத் தடவினாள்.

அவர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். அரக்குச் சேலை, மஞ்சள் கரை போட்டது.

"இது ட்ரஸ்ட் சொத்து இல்லை" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "எங்க வீட்டுத் தறியில எடுத்தது. ஊருக்கெல்லாம் சீர் குடுத்து அனுப்பிட்டு, நீ வெறுங்கையோட போனா நல்லா இருக்காதுன்னு வீட்டுல சொன்னாக. போய் வேலையை ஒழுங்காப் பாரு. நரிக்குடிக்காரன் எவனாவது ஆட்டைக் கொண்டுவந்தா எனக்குச் சொல்லி அனுப்பு."

ஆற்றங்கரையில் ஆடு விட்டபோதுகூட அவ்வளவு அழாதவள், பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நடுரோட்டில் விம்மினாள். இத்தனை நாளும் அவரை 'அய்யா' என்றுதான் கூப்பிட்டிருந்தாள். இப்போது வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

"வாரேண்ணே" என்றாள்.

நாகசுப்பிரமணியன் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு, "போயிட்டு வாம்மா" என்றார்.

பஸ் கிளம்பியது. திருச்சுழி தாண்டுகிறவரைக்கும் அவள் கண்ணைத் துடைப்பதும் சேலைக் கரையைத் தடவுவதுமாகவே இருந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவள் முகத்தையும் மடியில் இருந்த புதுச் சேலையையும் பார்த்தார்.

"என்ன தாயி, தாய்வீட்டுலேருந்து கிளம்பி வாரியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றாள் கருத்தம்மாள்.